கண்மாய்க் கையோடு கடலுக்குப் போகிறவர்களுக்கு

மதுரையிலிருந்து நண்பர்கள் நாலைந்து பேர் மண்டபம், தேவிபட்டினம் பக்கம் தூண்டில் போடப் போகிறார்களாம். கண்மாயில் மீன் பிடித்துப் பழக்கம் உண்டு, கடல் புதிது. எதிர்பாராத ஆபத்து என்ன வரும், விநோதமாக என்னென்ன மாட்டும், சுறா வருமா என்று கேட்டிருக்கிறார்கள். நான் பிறந்து வளர்ந்தது தொண்டிக்குப் பக்கத்தில், இப்போது மதுரையில் மீன் மொத்த வியாபாரம். இரண்டு பக்கமும் தெரியும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சுறாவை முதலிலேயே முடித்துவிடலாம். பாக் விரிகுடாவில் பெரும்பாலான இடங்களில் ஆழம் 15 மீட்டரைத் தாண்டாது. கரையோரத்தில் தூண்டில் போடுகிறவர்களுக்கு அங்கே மாட்டுவது முழங்கை நீளச் சுறாக்குட்டிதான். அது புட்டுக்கு ஆகும், பயத்துக்கு ஆகாது. எங்கள் ஊரில் கையும் காலும் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் அநேகம் பேர் தண்ணீருக்குள் அடிபட்டவர்கள் இல்லை. மீன் படகிலோ மணலிலோ வந்து விழுந்த பிறகு, அதைத் தூண்டிலிலிருந்து கழற்றும்போது வாங்கிக்கொண்டவர்கள்.

இந்த விஷயத்தில் கண்மாய்ப் பழக்கம் உங்களுக்கு எதிராக வேலை செய்யும். மேலூர்ப் பக்கம் மீன்பிடித் திருவிழாவில் பார்த்திருப்பீர்கள். ஊத்தா என்கிற மூங்கில் கூடையைக் கவிழ்த்துவிட்டு, மேல் வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவிப் பிடிப்பார்கள். அங்கே அதிகபட்சம் தேளி குத்தும். கடுத்துக்கொண்டே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். அந்தக் கையை அப்படியே கடலுக்குக் கொண்டு வராதீர்கள். கடலில் பெயர் தெரியாத எதையும் கையால் தொடக் கூடாது. நீள மூக்கு இடுக்கி ஒன்று, தடிமனான கையுறை ஒரு ஜோடி, ஒரு பழைய சாக்கு, இந்த மூன்றும் இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

திருக்கையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு நிச்சயம் மாட்டும். தேவிபட்டினம், தொண்டி பக்கமெல்லாம் கரை சேறும் மணலும் கலந்து வெகுதூரம் ஆழமில்லாமல் போகும். சில நாள் கடல் உள்வாங்கிவிட்டால் இன்னும் தூரம் நடந்து போகலாம் என்று ஆசை வரும். அந்தச் சேற்றுக்குள் உடம்பைப் புதைத்து, கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு திருக்கை படுத்திருக்கும். அது யாரையும் துரத்தாது. நீங்கள் முதுகில் மிதித்தால்தான் வாலைத் தூக்கி அடிக்கும். திருக்கை வால் என்றால் நம் ஊரில் சாட்டை என்றுதான் தெரியும். சாட்டை வீசுகிற அடியை விட, வாலின் மேல்பக்கம் இருக்கிற முள்தான் கெட்டது. இரண்டு ஓரமும் ரம்பம் மாதிரி பின்னோக்கி வளைந்த பற்கள், அதன் மேல் ஓர் உறை, உறைக்குள் விஷத் திசு. குத்தும்போது உறை கிழிந்து காயத்துக்குள்ளேயே துண்டுகள் தங்கிவிடும். அதனால்தான் மேலே ஆறின மாதிரி இருந்தும் ஒரு வாரம் கழித்துச் சீழ் வைக்கிறது.

ஆழமில்லாத தண்ணீரில் இறங்கினால் பாதத்தைத் தூக்கி வைத்து நடக்காதீர்கள், தரையோடு இழுத்துக்கொண்டே போங்கள். கால் பக்கவாட்டில் உரசினால் திருக்கை தானே நகர்ந்துவிடும். குத்திவிட்டால், தாங்குகிற அளவு சூடான தண்ணீரில் அடிபட்ட இடத்தை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை முக்கி வைக்க வேண்டும். 45 டிகிரி போதும், அதற்கு மேல் போனால் தோல் வெந்துவிடும். அடிபட்ட காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது, எனவே நல்ல காலை விட்டுத்தான் சூடு பார்க்க வேண்டும். இந்தச் சூட்டில் விஷத்தின் வேகம் தணிந்து வலி நன்றாகவே குறையும். ஒரு பிளாஸ்க் வெந்நீர் கொண்டுபோனால் டீக்கும் ஆச்சு, இதற்கும் ஆச்சு. முள் கையிலோ காலிலோ இருந்தால் டாக்டர் எடுப்பார். வயிறு, நெஞ்சு, கழுத்து என்றால் எந்தக் காரணத்துக்கும் பிடுங்காதீர்கள், அப்படியே அசையாமல் வைத்துக் கொண்டுபோங்கள். 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொலைக்காட்சிப் புகழ் ஸ்டீவ் இர்வின் இறந்தது திருக்கை முள் நெஞ்சில் பாய்ந்துதான். காலில் குத்தியதற்கும் நெஞ்சில் குத்தியதற்கும் அவ்வளவு வித்தியாசம்.

தூண்டிலில் மாட்டிய திருக்கையைப் படகுக்குள் ஏற்றுவதற்கு முன்பே தங்கூசியை, அதாவது தூண்டில் நரம்பை, அறுத்துவிடுவது உத்தமம். வேண்டுமென்றால், சாக்கை வால் மேல் போட்டு அழுத்தி, வாலில் இருக்கிற முள்ளை இடுக்கியால் ஒடித்த பிறகுதான் மற்ற வேலை. உருண்டையாக, வழவழப்பாக, தடித்த சின்ன வாலோடு ஒரு திருக்கை வந்தால் அது மின்திருக்கையாக இருக்கலாம். ஈரக்கையால் தொட்டால் சுரீர் என்று அடிக்கும். நம் பக்கத்துச் சின்ன இனங்கள் ஆளைக் கொல்லாது. ஆனால் வள்ளத்தின் ஓரத்தில் நிற்கும்போது அடித்தால் தண்ணீருக்குள் விழுவீர்கள், அதுதான் பயம்.

அடுத்து முள் மீன்கள். கடல் கெளுத்தியைக் கண்மாய்க் கெளுத்தி என்றே நினைத்துப் பிடிப்பார்கள். முதுகில் ஒன்று, இரண்டு பக்கத் துடுப்புகளில் ஒவ்வொன்று, மூன்றும் அரம் போட்ட முள். எங்கள் ஊர்க்காரர்கள் மூன்றையும் ஒடித்துக் கடலில் எறிந்துவிட்டுத்தான் தூண்டிலைக் கழற்றுவார்கள். உடம்பில் வெள்ளைக் கோடுகள் ஓடி, வால் விலாங்கு மாதிரி கூம்பிப் போகிற சின்னக் கெளுத்தி ஒன்று உண்டு. விரல் நீளம்தானே என்று தொடாதீர்கள், பெரியதை விடக் கடுமையாகக் குத்துவது அதுதான். கரிமேடு மார்க்கெட்டில் நீங்கள் வாங்குகிற ஓரா மீனுக்கும் முதுகில் 13, அடியில் 7 முள், எல்லாவற்றிலும் விஷம். கடையில் வாங்கும்போது நிதானமாகக் கையாளுவதால் யாருக்கும் தெரிவதில்லை. உயிரோடு துடிக்கும்போது பிடித்துப் பாருங்கள், தெரியும்! பாறை இருக்கிற பக்கம், குறிப்பாக மன்னார் வளைகுடாவில், பாசி படிந்த கல் என்று நினைத்து நீங்கள் கால் வைக்கப் போவது கல்லாகவே தோற்றமளிக்கும் மீனாக இருக்கலாம். அதன் முதுகு முள் ரப்பர் செருப்பைத் துளைக்கும். இந்த எல்லா முள்ளுக்கும் முதலுதவி அதே வெந்நீர்தான். அப்புறம் டெட்டனஸ் ஊசி.

இரவில் தூண்டில் போட்டால் நீளமாக, நெளிந்துகொண்டு ஏதாவது வரும். அது விலாங்கா, அஞ்சாளையா, பாம்பா என்று வெளிச்சம் போட்டுப் பார்க்காமல் கிட்டே போகக் கூடாது. வாலைப் பாருங்கள். துடுப்பு மாதிரி பக்கவாட்டில் தட்டையாக, செதிலோடு இருந்தால் கடல் பாம்பு. அஞ்சாளைக்குச் செதில் கிடையாது, தோல் தடித்து வழுக்கும், முதுகு நெடுகத் துடுப்பு விளிம்பு ஓடும். அஞ்சாளை கடித்தால் சதை கிழியும், விஷப் பயம் இல்லை. கடல் பாம்பில் நம் கரையோரச் சேற்றுக்கடலில் அதிகம் பார்ப்பது வலைக்கடியன். கடல் பாம்புக் கடியால் உலகில் நடக்கும் சாவுகளில் பெரும்பங்கு இந்த ஓர் இனத்தால்தான். இதற்குப் பிடித்த இரையே கெளுத்தி, அதனால் கெளுத்தி மேய்கிற இடத்தில் இதுவும் திரியும்.

இதில் ஏமாற்றுகிற விஷயம் ஒன்று உண்டு. நல்ல பாம்பு கடித்தால் வீங்கும், வலிக்கும், ஊரே கூடும். கடல் பாம்பு கடித்தால் பல நேரம் முள் குத்தின மாதிரிதான் இருக்கும், வீக்கமும் இருக்காது. அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் உடம்பு முழுக்கத் தசை வலிக்கும், இமை தானாக இறங்கும், நாக்குத் தடிக்கும், பிறகு சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். தசை அழிந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அதற்கு அர்த்தம். நம் அரசு மருத்துவமனைகளில் போடுகிற பாம்புக்கடி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கானது. கடல் பாம்புக்கு அது செய்யப்பட்டதில்லை. மூச்சுக் கருவியும் டயாலிசிஸும் உள்ள இடத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்வதில்தான் பிழைப்பு இருக்கிறது. கடிபட்ட கையையோ காலையோ கட்டை வைத்து அசையாமல் கட்டி, 108-ஐக் கூப்பிட்டு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். கீறுவது, உறிஞ்சுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். செத்த பாம்பின் தலையையும் தொடக் கூடாது.

இனி பேத்தை. தூண்டிலில் ரொம்பச் சுலபமாக மாட்டும், மாட்டியதும் பந்தாக ஊதும், பிள்ளைகள் போட்டோ எடுக்கப் பிரியப்படுவார்கள். எடுத்துவிட்டுக் கடலில் விட்டுவிடுங்கள். அதன் வாயில் கிளி மூக்கு மாதிரி நாலு பல். தூண்டில் முள்ளையே துண்டிக்கும், விரல் நுனி எம்மாத்திரம். அது கூடப் பரவாயில்லை. ஈரல், சினை, குடல், சில இனங்களில் தோலும் சதையும் விஷம். எவ்வளவு நேரம் வேகவைத்தாலும், பொரித்தாலும், உப்புப் போட்டுக் கருவாடாக்கினாலும் அந்த விஷம் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் உதடும் நாக்கும் மரத்து, கை கால் விழுந்து, கடைசியில் மூச்சுத் தசை நின்றுபோகும். நினைவு மட்டும் தெளிவாகவே இருக்கும். மாற்று மருந்து கிடையாது. விஷம் இறங்கும் வரை செயற்கை மூச்சில் வைத்திருந்தால் பிழைப்பார்கள். "சுத்தம் செய்யத் தெரிந்தவர் கையால் சாப்பிட்டிருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை" என்று கரையில் யாராவது சொல்வார். சொல்லட்டும். இனத்துக்கு இனம், பருவத்துக்குப் பருவம் விஷ அளவு மாறுகிற ஒரு மீனுக்கு, போன தடவை ஒன்றும் ஆகாதது அத்தாட்சி இல்லை. ஜப்பானில் இதைச் சமைக்கத் தனி உரிமம் வாங்க வேண்டும். உங்களுக்கு எதற்கு, பக்கத்திலேயே சங்கரா கடிக்கும்.

விநோதம் என்று கேட்டீர்களே, கடல் அதில் குறை வைக்காது. பெட்டி மாதிரி சதுர உடம்பும் நெற்றியில் இரண்டு கொம்புமாக ஒரு மீன் வரும். அழகாக இருக்கிறது என்று மற்ற மீன்களோடு ஒரே வாளியில் போட்டால், அது பயத்தில் தோலிலிருந்து விடுகிற நஞ்சில் வாளியே செத்துக் கிடக்கும். கிளாத்தி கொறக்கொறவென்று பல்லை நெரித்துக்கொண்டு வரும், வாய் கிட்டே விரல் வேண்டாம். பேய்க்கணவாய், அதாவது ஆக்டோபஸ், தூண்டிலை விட்டு உங்கள் மணிக்கட்டில் ஏறிக்கொள்ளும். அதற்கும் நடுவில் அலகு உண்டு. சில மீன்களின் வாயைத் திறந்தால் நாக்கு இருக்க வேண்டிய இடத்தில் கண்ணும் காலுமாக வெள்ளைப் பூச்சி ஒன்று உட்கார்ந்து உங்களைப் பார்க்கும். அது மீனின் நாக்கில் ரத்தம் குடித்து வளர்கிற ஒட்டுண்ணி. மனிதருக்கு ஒன்றும் செய்யாது, பூச்சியை எடுத்து எறிந்துவிட்டு மீனைச் சாப்பிடலாம். மார்க்கெட்டில் இதைப் பார்த்துவிட்டு மீனைத் திருப்பிக் கொண்டுவந்து சண்டை போட்டவர்கள் உண்டு!

சொறி, அதாவது ஜெல்லி மீன், தங்கூசியில் சுற்றிக்கொண்டு வரும். உடல் அறுந்து கண்ணாடி நூலாக மிச்சம் இருக்கிற இழையும் எரிக்கும். அந்த நூலைப் பிடித்த கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள். பட்ட இடத்தைக் கடல் தண்ணீரால் கழுவி, இழையை இடுக்கியால் எடுக்க வேண்டும். மணல் போட்டுத் தேய்ப்பது, நல்ல தண்ணீர் ஊற்றுவது இரண்டும் எரிச்சலைக் கூட்டும். பாறை ஓரத்தில் கூம்பு வடிவத்தில் படம் போட்ட சிப்பி கிடந்தால் பையில் போடாதீர்கள். உயிரோடு இருந்தால் உள்ளேயிருந்து ஓர் ஊசி வரும், பெரிய இனங்களுடையது ஆளைக் கொல்லும்.

சட்டம் குத்துகிற குத்து ஒன்று இருக்கிறது, வெளியூர்க்காரர்கள் யாரும் அதை யோசிப்பதில்லை. கடல் அட்டை, கடல் குதிரை, வேளா என்கிற ரம்ப மூக்கு மீன், திமிங்கலச் சுறா இவையெல்லாம் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. புலிக்குக் கொடுத்த அதே பாதுகாப்பை அப்போது கொடுத்தார்கள். கடல் ஆமைகளுக்கும் ஆவுளியா என்கிற கடற்பசுவுக்கும் அதற்கு முன்பிருந்தே பாதுகாப்பு உண்டு. ஆவுளியாவுக்காகத் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரில் தனிக் காப்பகமே 2022-இல் அறிவித்தார்கள். தூண்டிலில் பங்குனி ஆமை மாட்டினால், முடிந்தவரை முள்ளுக்குக் கிட்டே தங்கூசியை அறுத்து விட்டுவிடுங்கள், மடியில் தூக்கி வைத்துப் போட்டோ வேண்டாம். காய்ந்த கடல் குதிரையை "ஆஸ்துமாவுக்கு நல்லது" என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். குற்றம் உறுதியானால் சிறைதான். மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை, அனுமதியில்லாமல் இறங்கவே கூடாது. அவற்றில் இரண்டு தீவுகள் ஏற்கனவே தண்ணீருக்குள் போய்விட்டன. படகு விசிறி தட்டுகிற இடமும் அதுதான்.

கடலைப் பற்றி. மண்டபம், ராமேசுவரத்தில் வடகடல், தென்கடல் என்பார்கள். வடகடல் பாக் விரிகுடா, தென்கடல் மன்னார் வளைகுடா. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் போலக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை பிடித்ததும் தலைகீழாகும். கிளம்பும் முன் எந்தப் பக்கம் என்று அங்குள்ளவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். பாம்பன் கால்வாயில் பாலத்துக்கு அடியில் நீரோட்டம் ஆறு மாதிரி ஓடும், அந்தப் பருவத்துக்கு ஏற்பத் திசையும் மாறும். தனுஷ்கோடிக்கு அப்பால் நிலம் முடிகிற அரிச்சல்முனையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று தூண்டில் வீசவே கூடாது, ஓர் அடி தள்ளி மணல் சரிந்து ஆழமாகிவிடும்.

காற்றே இல்லாத நாளிலும் தென்கடல் பக்கம் திடீரென்று அலை ஏறும். எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை அது, கள்ளக்கடல் என்று பெயர். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேரை அடித்துக்கொண்டு போனது இந்த மாதிரி எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் நிறுவனம் முன்கூட்டியே சொல்லிவிடும், செய்தியைப் பார்த்துவிட்டுப் போங்கள். பாறையிலோ, அலையைத் தடுக்கக் கடலுக்குள் கொட்டியிருக்கிற தூண்டில் வளைவுக் கற்களிலோ நின்று மீன் பிடிப்பவர்களுக்கு இது எமன்.

வாடகைக்கு நாட்டுப்படகு எடுத்தால் இரவில் வேண்டாம். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான், நடுவே எல்லைக்கோடு. போனில் இலங்கை டவர் கிடைக்கிற தூரம். என்ஜின் நின்று நீரோட்டத்தில் இழுத்துப் போனால் நீங்கள் மதுரைக்காரர், பொழுதுபோக்குக்கு வந்தவர் என்பதெல்லாம் எந்த ரோந்துப் படகுக்கும் தெரியப் போவதில்லை. கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புப் போலீசுக்கு 1093, இரண்டையும் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் ஏற வேண்டாம், எத்தனை நல்ல நீச்சல்காரராக இருந்தாலும். இரவு வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் முரல் மீன். நெற்றி விளக்கு வெளிச்சத்தைப் பார்த்து ஊசி மூக்கோடு தண்ணீரை விட்டுப் பாயும். கழுத்திலும் கண்ணிலும் குத்துப்பட்ட சம்பவங்கள் உலகம் முழுக்க உண்டு.

தங்கூசியைக் கையில் சுற்றிக்கொண்டு பிடிப்பது கண்மாய் வழக்கம். கடலில் ஒரு நல்ல பாரை இழுத்தால் விரலை எலும்பு வரை அறுக்கும். சுற்றாமல் பிடியுங்கள். உங்களில் யாருக்காவது சர்க்கரையோ ஈரல் நோயோ இருந்தால் சின்னக் கீறலைக்கூட அலட்சியம் செய்ய வேண்டாம். கடல் தண்ணீரிலும் சிப்பியிலும் இருக்கிற ஒருவகைக் கிருமி அவர்களுக்கு ஒரே நாளில் காலை அழுக வைத்துவிடும். காயம் சிவந்து வேகமாகப் பரவினால், காய்ச்சல் வந்தால், டாக்டரிடம் கடலில் பட்ட காயம் என்று சொல்ல மறக்காதீர்கள். அதைச் சொன்னால்தான் மருந்து மாறும்.

கடைசியாக, பிடித்த மீனை மதுரைக்குக் கொண்டு வருவது. மண்டபத்திலிருந்து வந்து சேரச் சாதாரணமாகவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், வழியில் சாப்பாட்டுக்கு நிறுத்தினால் இன்னும் கூட. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி மாதிரியான சிவப்புச் சதை மீன்கள் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் சேரும். நாற்றம் வராமலே சேரும், சமைத்தாலும் போகாது. சாப்பிட்ட அரை மணியில் முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பெல்லாம் தடித்துவிடும். மீன் அலர்ஜி என்று நம் ஆட்கள் சொல்லிக்கொள்வதில் ஒரு பாதி இதுதான் என்பது என் கணிப்பு. மீன் படகில் விழுந்த உடனேயே குடலை எடுத்து, ஐஸில் புதையுங்கள். மீன் எடைக்குச் சமமான எடை ஐஸ் வேண்டும். தெர்மோகோல் பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை போட்டு, காருக்குள் டிக்கியில் வைத்தால் கீழே ஒரு தட்டும் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த வாடை அடுத்த ஆடி வரை போகாது.